கிட்டார் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாமா?

கிட்டார் ஓரளவு வாசிக்கத் தெரிந்து, அடுத்த படிக்குப் போக நினைக்கிறவர்கள் கேட்கும் கேள்விதான் இது. ஆண்டுக்கென்று ஒதுக்கிய கொஞ்சம் பணம் கையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரமும் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கிட்டார் பத்திரிகை ஒன்றின் சந்தாவில் போடுவதா, இணையப் பாடத்திட்டத்தில் சேர்வதா, பிடித்த கலைஞர் தாமே விற்கும் டேப்லேச்சரை (எந்தத் தந்தியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதிய குறிப்பை) வாங்குவதா, பக்கத்துத் தெரு ஆசிரியரிடம் போவதா? யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது எதற்காவது பணம் கட்டத்தான் வேண்டுமா?

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதற்குப் பதில் சொல்வது எளிது. நல்ல ஆசிரியர் ஒருவர், நல்ல பத்திரிகை ஒன்று என்று சொல்லி முடித்துவிடலாம். 2024-க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. 1967-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘கிட்டார் பிளேயர்’ இதழ் 2024 இறுதியில் அச்சை நிறுத்திக்கொண்டது. இணையத்தில் மட்டும் தொடர்கிறது. 1994 முதல் பிரிட்டனில் வந்துகொண்டிருந்த ‘டோட்டல் கிட்டார்’ இதழும் அதே ஆண்டு நின்றுபோனது. 1980-இல் தொடங்கிய ‘கிட்டார் வேர்ல்டு’, 1984-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘கிட்டாரிஸ்ட்’ ஆகியவை அச்சில் இன்னும் வருகின்றன. நின்றவை இரண்டும் நிற்காதவை இரண்டும் ஃபியூச்சர் என்ற ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒரு காலத்தில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த இதழ்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சந்தா கட்டுகிறவர் இதைத் தெரிந்துகொண்டே கட்ட வேண்டும்.

பத்திரிகை நின்றதால் கருவிக்கே மதிப்புப் போய்விட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2017-இல் மின்கிட்டார் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நீண்ட கட்டுரை எழுதியது. அடுத்த ஆண்டு மே மாதம் கிட்டார் செய்யும் கிப்சன் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் 2020-இல், ஊரடங்கு நாள்களில், தன் வரலாற்றிலேயே அதிக விற்பனை கண்ட ஆண்டு இதுதான் என்று இன்னொரு கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் அறிவித்தது. கிட்டார் வாங்குகிறவர்கள் குறையவில்லை. அவர்கள் எதைப் பார்த்து, யாரைக் கேட்டுப் பழகுகிறார்கள் என்பதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய கிட்டார் வாசிப்பைக் கைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால் மாதப் பத்திரிகை கடைசித் தேர்வு. யார் யார் எதை ஏன் வாசித்தார்கள் என்று புரிந்துகொண்டு காதைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால் பத்திரிகைக்கு ஈடு இன்னும் எதுவும் வரவில்லை; ஆனால் அதற்குப் புதிய இதழைவிடப் பழைய இதழ்களே மேல்.

பழைய இதழ்களை இவ்வளவு உயர்த்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1978 ஜூலையில் ஓக்லாண்டு நகரில் ஒரு பெரிய திறந்தவெளிக் கச்சேரி நடந்தது. கிட்டார் பிளேயரின் இளம் நிருபர் ஜாஸ் ஓப்ரெக்ட், கிட்டார் கலைஞர் பாட் டிராவர்ஸைப் பேட்டி எடுக்கத்தான் அங்கே போனார். பேட்டி கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், கூட ஆட வந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தார். அந்த இளைஞர் எட்வர்டு வான் ஹாலன். கிட்டார் உலகத்தையே புரட்டிப் போட்ட அவருடைய முதல் பெரிய பேட்டி அப்படித்தான் பதிவானது. அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வலக்கை விரலால் ஃப்ரெட்டின் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையின்) மேல் தட்டி வாசிக்கும் முறையைக் கேட்டவர்கள் அது எப்படி என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக் வார்னி என்பவர் அதே பத்திரிகையில் 1982 முதல் ‘ஸ்பாட்லைட்’ என்ற பகுதியை எழுதினார். பெயர் தெரியாத வாசிப்பாளர்கள் வீட்டில் பதிவு செய்த ஒலிநாடாக்களை அவருக்கு அனுப்புவார்கள். தேறியவர்களைப் பற்றி மாதந்தோறும் சில பத்திகள் வரும். ஸ்டாக்ஹோமில் இருந்து ஒரு பையன் அனுப்பிய நாடா 1983 பிப்ரவரி இதழில் இடம்பெற்றது. அந்தப் பையன்தான் யிங்வி மால்ம்ஸ்டீன். சீக்கிரமே அவர் அமெரிக்காவில் இருந்தார். வார்னியின் நிறுவனத்துக்காகப் பதிவும் செய்தார். ஆயிரம் பேர் கதவைத் தட்ட, காது உள்ள ஒருவர் உட்கார்ந்து கேட்டு, இவரைக் கேளுங்கள் என்று பெயர் சொல்லிச் சொன்னார். இன்று ஒரு நிமிடக் காணொளி போட்டால் இடையில் யாருடைய அனுமதியும் வேண்டாம். மாட்டியஸ் அசாட்டோ, இச்சிகா நிட்டோ போன்றவர்கள் அப்படித்தான் உலகெங்கும் தெரியவந்தார்கள். அது நல்லதுதான். ஆனால் கேட்டுப் பொறுக்கித் தரும் அந்த வேலை இப்போது கணினி நிரலின் கையில் இருக்கிறது. நாம் நேற்று எதைப் பார்த்தோமோ அதைப் போன்றதையே அது இன்றும் கொண்டுவந்து கொட்டுகிறது.

அந்தக் காலப் பத்திரிகைகள் இசையைக் கேட்கச் செய்யவும் வழி தேடின. 1984 முதல் கிட்டார் பிளேயர் இதழோடு மெல்லிய நெகிழ்தட்டு ஒன்று வந்தது. கிழித்தெடுத்துத் தட்டுப்பெட்டியில் வைத்தால் பாடும். ஸ்டீவ் வாய் போன்ற கிட்டார் கலைஞர்களைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அதில்தான். பிறகு குறுந்தட்டு வந்தது, அதன் பின் இணைய இணைப்பு. காகிதம் தன் குறையைத் தெரிந்தே வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். பத்திரிகையில் வரும் இசைப்பக்கத்தில் மேலே ஐந்து கோட்டு ஐரோப்பியக் குறியீடு, கீழே ஆறு தந்திகளுக்கு ஆறு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் எந்த ஃப்ரெட் என்று எண். பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் சிறு தகட்டை, கீழ்நோக்கி அடிக்க ஒரு குறி, மேல்நோக்கி அடிக்க ஒரு குறி. உல்ஃப் மார்ஷல், ஆண்டி ஆலடார்ட் போன்றவர்கள் காதால் கேட்டு எழுதிய அந்தப் பக்கங்கள் அருமையானவை. ஒரு தலைமுறையே அவற்றில் படித்தது. மால்ம்ஸ்டீனின் அதிவேக ஓட்டங்களும் அப்படி அச்சில் வந்தன. எண்கள் சரி, தாளம் சரி. அப்படியே வாசித்தவர்களுக்குக் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கை இடறியது. ஏன் என்று பத்திரிகை சொல்லவில்லை. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்து மெதுவாகத் தொடங்குங்கள், வேகம் தானாக வரும் என்றுதான் மாதாமாதம் எழுதினார்கள்.

விடையை டிராய் கிரேடி என்ற அமெரிக்கர் வேகப் படக்கருவியால் கண்டுபிடித்தார். தந்திகளின் நீளவாட்டில் நெருக்கமாகப் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மால்ம்ஸ்டீன் பிக்கைச் செங்குத்தாகப் பிடிக்கவில்லை. சற்றுச் சாய்த்துப் பிடிக்கிறார். அந்தச் சாய்வினால் கீழ்நோக்கி அடிக்கும்போது பிக் இரண்டு தந்திகளுக்கு இடையில் போய்ச் சிக்கி நிற்கிறது. மேல்நோக்கி அடிக்கும்போது தந்திகளுக்கு மேலே காற்றில் வெளிவருகிறது. அப்படி வெளிவந்த நொடியில்தான் அடுத்த தந்திக்கு இடையூறின்றித் தாண்ட முடியும். ஆகவே அவர் ஒரு தந்தியில் பெரும்பாலும் இரட்டைப்படையில் சுரங்களை வைத்து, மேல்நோக்கிய அடியில் முடித்துவிட்டுத் தாண்டுகிறார். ஒற்றைப்படையில் வரும் இடங்களில், மெல்லிய தந்தியை நோக்கிப் போகும்போது ஒரே கீழடியில் அடுத்த தந்திக்கும் சேர்த்து வழித்துக்கொண்டு போகிறார். மறுதிசையில் ஒரு சுரத்தைப் பிக்கால் அடிக்காமல் இடக்கை விரலாலேயே இழுத்து ஒலிக்கிறார். காகிதத்தில் இருந்த எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் வாசிப்பின் சூட்சுமம் பிக்கின் சாய்வில் இருந்தது, சாய்வுக்கு அச்சில் குறி இல்லை. 1983-இல் காகிதம் நமக்குக் கண்டுபிடித்துத் தந்த கலைஞரின் கையை, முப்பது ஆண்டுகள் கழித்து நகரும் படம்தான் காட்டிக் கொடுத்தது. இந்த ஒரு செய்திக்காகவே காணொளிப் பாடத்துக்குப் பணம் கட்டலாம் என்பேன்.

இன்றைய வாசிப்பு இன்னும் தூரம் போய்விட்டது. டோசின் அபாசி எட்டுத் தந்திக் கிட்டாரில் கட்டைவிரலால் தந்தியை அடிக்கிறார். விரல் கீழே இறங்கி அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கிறது; அதே விரல் மேலே திரும்பும்போது இன்னொரு சுரம்; அடுத்து ஆட்காட்டி விரல் கொக்கி போட்டு இழுக்க மூன்றாவது. பாஸ் கிட்டாரில் விக்டர் வூட்டன் புகழ்பெறச் செய்த முறை இது. பாலிஃபியா குழுவின் டிம் ஹென்சன் நைலான் தந்தி போட்ட மின்கிட்டாரில் பிக்கும் விரல்களும் கலந்து, நடுநடுவே, தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலிகளைத் தூவி வாசிக்கிறார். 2022-இல் ஐபனெஸ் நிறுவனம் அவருக்கென்றே அப்படி ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. ஈவெட் யங் இரண்டு கைகளாலும் ஃப்ரெட்டுகளின் மேல் தட்டிப் பியானோ போல வாசிக்கிறார். இவற்றை ஆறு கோடுகளில் எழுத முடியும், எழுதியும் இருக்கிறார்கள். எழுதியதை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதனால் இன்றைய நுட்பம் வேண்டும் என்கிறவருக்கு என் முதல் பரிந்துரை, அந்தந்தக் கலைஞரே விற்கும் டேப்லேச்சர். பெரும்பாலும் கிட்டார் ப்ரோ என்ற மென்பொருளில் திறக்கும் கோப்பாகக் கிடைக்கும். பிரான்சின் அரோபாஸ் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மென்பொருள் இது. கோப்பைத் திறந்தால் குறியீடு கண்முன் ஓடும், ஒலிக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், கடினமான இரண்டு அளவுகளை (தாளக் கட்டங்களை) மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். வாசித்தவரே எந்தத் தந்தியில் எந்த விரல் என்று உறுதி செய்திருப்பார் என்பதால் ஊகத்துக்கு இடமில்லை. பக்கத்தில் அவருடைய காணொளியை வைத்துக்கொண்டால் போதும். கொடுக்கும் பணம் நேராக அவருக்குப் போகிறது என்பதும் எனக்கு முக்கியம்.

இலவச டேப்லேச்சர் தளங்களை நம்பலாமா என்றால், ஒரு எல்லை வரை நம்பலாம். 1992-இல் தொடங்கிய ஓல்கா என்ற இணையக் காப்பகம்தான் இவற்றுக்கு முன்னோடி. வாசகர்களே கேட்டு எழுதிப் பகிர்ந்த ஆயிரக்கணக்கான பாடல்கள் அதில் இருந்தன. இசைப் பதிப்பாளர்களின் வழக்கறிஞர் கடிதத்தால் 2006-இல் அது மூடப்பட்டது. பிறகு வந்த பெரிய தளங்கள் உரிமம் பெற்று நடக்கின்றன. ஆனால் வாசகர்கள் எழுதும் பக்கங்களில் பெரும்பாலும் எண்கள் மட்டுமே இருக்கும். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்ற தாளக் குறிப்பு இருக்காது. பாடலை ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவரை அது எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். தாளத்தைக் குறியீட்டில் படிக்கக் கற்பது ஒரு வாசிப்பாளருக்கு வாழ்நாள் முழுக்க உதவும். அந்தப் பழக்கத்தைக் குறியீடும் டேப்லேச்சரும் சேர்ந்த பத்திரிகைப் பக்கம் கொடுத்தது, இலவசப் பக்கம் கொடுப்பதில்லை.

இப்போதுதான் கிட்டாரைக் கையில் எடுத்தவர் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். ஜஸ்டின் சாண்டர்கோ 2003 முதல் நடத்திவரும் ஜஸ்டின்கிட்டார் தளத்தில் தொடக்கப் பாடத்திட்டம் இலவசம். முதல் கார்டு பிடிப்பதில் இருந்து வரிசையாகப் போகிறது. அந்த வரிசைதான் முக்கியம். யூடியூபில் நல்ல பாடங்கள் எண்ணற்றவை. ஆனால் ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்று அழைக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முப்பது பாடல்களின் முதல் எட்டு அளவுகள் தெரியும், ஒரு பாடலும் முழுதாகத் தெரியாது. என் மாணவர்களில் பாதிப்பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு நான் தரும் மருந்து, தளம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, அதை முடிக்கும் வரை வேறு எதையும் தொடாமல் இருப்பது.

கருவிகள், ஆம்ப், பெடல் வாங்க வழிகாட்டியாகப் பத்திரிகை உதவுமா? ஓசையை எழுத்தில் படிப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது என்பதில் சந்தேகமில்லை. யூடியூபில் வரும் ‘தட் பெடல் ஷோ’ நிகழ்ச்சியை நடத்தும் இருவரில் ஒருவரான மிக் டெய்லர், கிட்டாரிஸ்ட் இதழின் முன்னாள் ஆசிரியர். பத்திரிகையில் செய்த வேலையை அவர் ஒலியோடு செய்கிறார். ‘பிரீமியர் கிட்டார்’ இதழின் ‘ரிக் ரன்டவுன்’ காணொளிகள் மேடையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் தொட்டுக் காட்டுகின்றன. பத்திரிகை விமர்சனம் விளம்பரத்தை நம்பி நின்றது என்று குறை சொல்வார்கள். அது உண்மை. காணொளி விமர்சனத்திலும் கருவி இலவசமாக வந்ததா, கடையே நடத்தும் அலைவரிசையா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் எச்சரிக்கை ஒன்றுதான்.

பத்திரிகைகளின் இன்னொரு குறையை மறைக்க முடியாது. பல ஆண்டுகள் அவற்றின் உலகம் ஆண்களின் உலகமாகவே இருந்தது. கிட்டார் வேர்ல்டின் கருவி வழிகாட்டி இதழ்கள் 2010-களின் நடுப்பகுதி வரைகூட நீச்சலுடைப் பெண்களை அட்டையில் போட்டு விற்றன. அதே பத்தாண்டில்தான் ஃபாபி ரெய்னா பெண் கிட்டார் கலைஞர்களுக்காகவே ‘ஷீ ஷ்ரெட்ஸ்’ இதழைப் போர்ட்லண்டில் தொடங்கினார், ஆண்டு 2012. புதிதாகக் கிட்டார் கற்கிறவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் ஆய்வு 2018-இல் சொன்னபோது, பத்திரிகைகள் எவ்வளவு பின்தங்கியிருந்தன என்பது தெரிந்தது. பழைய இதழ்களைப் படிக்கும் பெண் ஒருவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சரி, அச்சில் ஏதாவது ஒன்று வேண்டும் என்று மனம் கேட்கிறவர்களுக்கு? செய்தி சொல்லும் மாத இதழை விட்டுவிட்டு, நிதானமாக வரும் இதழைப் பாருங்கள். 2005 முதல் சியாட்டிலில் இருந்து வரும் ‘ஃப்ரெட்போர்டு ஜர்னல்’ காலாண்டு இதழ். கிட்டார் செய்கிறவர்களின் பட்டறை, மரம், பழைய கருவிகளின் கதை என்று புத்தகம் போல நின்று படிக்கலாம். பத்து ஆண்டு கழித்தும் பழசாகாது. அக்குஸ்டிக் கிட்டார் வாசிக்கிறவருக்கு 1990-இல் தொடங்கிய ‘அக்குஸ்டிக் கிட்டார்’ இதழ் பொருத்தம். அதில் வரும் இசைப்பக்கங்கள் குறியீடும் டேப்லேச்சரும் சேர்ந்தவை, வாசித்துப் பழகத் தக்கவை. இந்தியாவுக்கு அச்சு இதழைத் தருவிக்கும்போது தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கைக்கு வரத் தாமதமாகும். அந்த இரண்டையும் பார்த்தால் மின்னிதழே மேல். பேட்டிகளை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் காகிதமா திரையா என்பது பெரிய விஷயம் இல்லை. பழைய புத்தகக் கடையில் 1978-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட கிட்டார் பிளேயர் கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள். டாம் வீலர் ஆசிரியராக இருந்த எண்பதுகளின் இதழ்களில், ஒவ்வொரு பேட்டியிலும் கேள்வி கேட்பவருக்கும் வாசிக்கத் தெரியும் என்பது புலப்படும். எந்த விரல், எந்தத் தந்தி, எத்தனை மணி நேரம், யாரைக் கேட்டு என்று விடாமல் கேட்பார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு இந்த இதழ்கள் உதவாது. இளையராஜாவின் இசையில் சதானந்தம் வாசித்ததையோ, இன்று கெபா ஜெரமையா வாசிப்பதையோ அமெரிக்கப் பத்திரிகையில் தேடிப் பயனில்லை. பாட்டைக் கேட்டு, நிறுத்தி, கேட்டு நாமேதான் எடுக்க வேண்டும். கிட்டார் பிரசன்னா தந்தியை இழுத்தும் வழுக்கியும் கொண்டுவரும் கமகங்களை எண்களில் எழுதினால் ஃப்ரெட் எண் மட்டும் மிஞ்சும், ராகம் போய்விடும். அதற்குக் கர்நாடக இசை தெரிந்த ஆசிரியரின் வாய்ப்பாட்டே பாடப் புத்தகம்.

ஆசிரியர் என்று வரும்போது, இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு தேர்வையும் சேர்க்கிறேன். இன்றைய கிட்டார் இசையில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை சட்டென மாறும் பகுதிகள்தான் பலரைத் தடுக்கின்றன. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளிலேயே இதற்கு வழியைத் தென்னிந்திய இசையில் தேடினார். எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார், சக்தி குழுவை அமைத்தார், பிறகு வி. செல்வகணேஷுடன் சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளித் தட்டையே வெளியிட்டார். சுவீடனில், அமெரிக்காவில் இருக்கும் கிட்டார் வாசிப்பாளர்கள் இணையத்தில் தேடிப் பிடித்துக் கற்கும் அந்தச் சொற்கட்டு, நமக்கு மிருதங்க ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் கிடைக்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் தடுமாறுகிறவர் பத்திரிகைச் சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தை இங்கே கொடுக்கலாம். ஏழில் அமைந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) ஒன்றை எடுத்துக்கொண்டு போய், தகிட தகதிமி என்று எங்கே பிரிகிறது என்று கேளுங்கள். சில நேரம் தகதிமி தகிட என்று பிரியும். அதற்கேற்ப அழுத்தம் இடம் மாறும். கையால் தாளம் போட்டு வாயால் சொல்லும் பாடம் தேறும் வரை கிட்டாரைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.